வளைகோடு ஓடட்டும், அச்சு நிற்கட்டும்

திரும்பத் திரும்ப வரும் ஓர் அலையைச் சைன் அலைகளின் கூட்டலாக எழுதும் ஃபூரியர் தொடரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ஓடும் படம் ஒன்று இல்லாமல் எனக்கு மனசு ஆறாது. +1-க்கும் −1-க்கும் இடையே தாவும் சதுர அலையை எடுத்துக்கொள்ளுங்கள். சைன் அலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் வளைகோடு சதுரத்தை நெருங்கி வரும். தாவும் இடத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கொம்பு முளைத்து நிற்கும். இன்னும் நூறு உறுப்புகளை, அதாவது சைன் அலைகளை, சேர்த்தாலும் கொம்பு மெலியும், ஓரத்தை நோக்கி நகரும், ஆனால் அதன் உச்சி ஏறக்குறைய 1.179-க்குக் கீழே இறங்காது. தாவலின் மொத்த அளவில் கிட்டத்தட்ட 9 சதவீதம் எப்போதும் மிச்சம் இருக்கும். இதுதான் கிப்ஸ் விளைவு. சமன்பாடுகளை வைத்து நிரூபிக்கலாம்தான். ஆனால் கொம்பு மெலிகிறதே தவிர இறங்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டவருக்கு, அந்த நிரூபணம் எதற்காக என்பது முதல் வரியிலேயே விளங்கிவிடும்.

கணித மென்பொருளில் இதை ஓட்டிப் பார்ப்பது பெரிய காரியமில்லை. மேத்தமேட்டிகா, மேப்பிள், மேட்லேப், மேக்ஸிமா, சேஜ், பைத்தானின் மேட்பிளாட்லிப் என எதில் எழுதினாலும் சில வரிகள்தான். எல்லாவற்றிலும் ஜிஃப் என்ற அசையும் பட வடிவில் சேமிக்க வழி உண்டு. சேமித்ததை அப்படியே வலைப்பக்கத்தில் போட்டுவிட்டுப் போகலாம். எனக்கு அது போதாது. படிப்பவர் எதைக் கவனிக்க வேண்டுமோ அது மட்டும்தான் படத்தில் அசைய வேண்டும். மற்றதெல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். படத்தை மென்பொருளிலிருந்து வெளியே எடுக்கும் ஏற்றுமதியின் பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

முதலில் அச்சுகள். நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும்) அச்சின் எல்லையைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். மேலே சொன்ன படத்தில் ஒரே ஓர் உறுப்பு இருக்கும்போது உச்சி 1.273, இரண்டு உறுப்புகளுக்கு 1.2, அப்புறம் மெல்ல மெல்ல 1.179-ஐ நெருங்கும். அச்சும் கூடவே சுருங்கினால் எல்லா ஃப்ரேமிலும் உச்சி ஒரே இடத்தில் இருப்பதுபோலத் தெரியும். படம் அழகாக ஓடும், ஆனால் சொல்வது பொய். அதனால் செங்குத்து அச்சை −1.5 முதல் 1.5 வரை என்று எழுதிப் பூட்டிவிடுவேன். எந்த மென்பொருளிலும் இதற்கு ஒரு வரி போதும்.

அச்சைப் பூட்டினாலும் சில சின்ன விஷயங்கள் ஆடும். தலைப்பில் உறுப்புகளின் எண்ணிக்கையைக் காட்டினால், 9 என்பது 10 ஆகும்போது நடுவில் நிறுத்திய எழுத்து முழுவதும் இடம் மாறும். இடப்பக்கம் சேர்த்து எழுதினால் தீர்ந்தது. மேட்பிளாட்லிப்பில் விளக்கப் பெட்டியை 'நல்ல இடமாகப் பார்த்து வை' என்று விட்டால் அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மூலை மாறி உட்காரும். ஓரத்து வெள்ளை இடத்தை வெட்டிவிடும் வசதியை இயக்கினால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒவ்வோர் அளவில் வந்து நிற்கும். அனிமேஷனுக்கு அந்த வசதியைத் தொடவே கூடாது.

சுழன்று சுழன்று ஓடும் படங்களில் இன்னொன்றும் உண்டு. 0 முதல் 2π வரை ஓடும் அலைக்கு முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் ஒன்றேதான். இரண்டையும் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் அலை ஒரு கணம் திக்கும். கடைசியை எடுத்துவிட வேண்டும்.

சரி, ஏற்றுமதிக்கு வருவோம். நான் மென்பொருளிலிருந்து நேரடியாக ஜிஃப் எடுப்பதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமையும் 001, 002 என்று எண்ணிட்ட பிஎன்ஜி படமாக ஒரு ஃபோல்டரில் சேமிக்கிறேன். முன்னால் பூஜ்யங்கள் இல்லாவிட்டால் வெறும் அகரவரிசையில் 10 என்பது 2-க்கு முன்னால் போய் நின்றுவிடும். கணக்குப் போடும் வேலை ஒரே தடவை. அதன்பின் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியை வைத்து அதே ஃபோல்டரிலிருந்து ஜிஃப், எம்பி4, வெப்எம் என்று எது வேண்டுமோ அதைச் செய்துகொள்ளலாம்.

ஜிஃப் 1987-இல் வந்தது. ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறங்களுக்கு மேல் கிடையாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் அதிகம், ஆனால் வெள்ளைப் பின்னணியில் மூன்று நான்கு கோடுகள் இருக்கும் வரைபடத்துக்கு 256 தாராளம். நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலக்கும் டிதரிங்கை மட்டும் நிறுத்திவிடுங்கள். கோட்டுப் படத்துக்கு அது தேவையில்லை, வெறும் வெள்ளையில் தூசி படிந்ததுபோல் ஆக்கிவிடும், ஃபைலும் பெருக்கும். முப்பரிமாணப் பரப்பில் நிறம் படிப்படியாக மாறும் படமாக இருந்தால் ஜிஃப் வேண்டாம், பட்டை பட்டையாகத் தெரியும். ஒளிபுகும் பின்னணியும் வேண்டாம். ஜிஃப்பில் ஒரு புள்ளி முழுதாக ஒளிபுகும், அல்லது புகவே புகாது. நடுத்தரம் இல்லாததால் கறுப்புப் பக்கத்தில் கோடுகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியும்.

நேரக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜிஃப்பில் ஃப்ரேம்களின் இடைவெளி நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணப்படுகிறது. வேகமாக ஓடட்டும் என்று இடைவெளியை 1 என்று கொடுத்தால் பிரவுசர்கள் அதை மதிக்காமல் 10 என்று எடுத்துக்கொள்ளும், படம் ஊர்ந்து போகும். குறைந்தது 2 கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனித்தனி இடைவெளி கொடுக்கலாம் என்பதுதான் ஜிஃப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் சில உறுப்புகளை மெதுவாகக் காட்டி, நடுவில் வேகமெடுத்து, கடைசி ஃப்ரேமில் நன்றாக நிறுத்துவேன். பார்ப்பவருக்கு யோசிக்க நேரம் வேண்டும் அல்லவா?

நீளமான படத்துக்கு எம்பி4. அதில் வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறையில் வழக்கமாகப் பயன்படுத்தும் நிற அமைப்புக்கு அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் மறுத்துவிடும். அந்த அமைப்பு வெளிச்சத்தை முழு விவரத்தோடும் நிறத்தைக் கால் பங்கு விவரத்தோடும்தான் சேமிக்கிறது. அதனால் வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடு கசிந்து மங்கும். படத்தை இருமடங்கு அளவில் வரைந்து பக்கத்தில் பாதியாகக் காட்டினால், கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி நிறத்தையும் அடர்த்தியாக்கினால், இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல்லில் எழுதும் வீடியோ டேகில் தானாக ஓடு, திரும்பத் திரும்ப ஓடு என்பவற்றோடு, ஒலியை அடக்கு, இருந்த இடத்திலேயே ஓடு என்ற இரண்டையும் சேர்க்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஐபோனில் அது தானாக, இருந்த இடத்தில் ஓடாது.

நிறுத்தும் பட்டனை ஒருபோதும் மறைக்காதீர்கள். தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் மற்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அசையும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று வலை அணுகல்தன்மை நெறிமுறைகளே சொல்கின்றன. அசைவு தலைசுற்றலைத் தரும் வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் கருவியில் அசைவைக் குறைக்கும்படி அமைத்திருப்பார்கள். பிக்சர் டேகில் ஒரு நிபந்தனை எழுதினால், அவர்களுக்கு மட்டும் ஜிஃப்புக்குப் பதிலாக அசையாத பிஎன்ஜி போய்ச் சேரும்.

சில படங்களை ஓடவிடுவதைவிட வாசகர் கையில் கொடுப்பது மேல். வெட்டுக்கோடு தொடுகோடாக மாறுவதைக் காட்ட ஒரு ஸ்லைடர் போதும், அவரே இழுத்துப் பார்க்கட்டும். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் செய்து பக்கத்தில் பதிக்கலாம். ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஜேஎஸ்எக்ஸ்கிராஃப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இன்னும் இலகுவானது. பிளாட்லி என்ற வரைபட நூலகத்தில் எச்டிஎம்எல் ஆக எடுக்கும்போது முழு நூலகத்தையும் உள்ளே வைத்தால் ஃபைல் சில எம்பி பெருக்கும், வெளியிலிருந்து ஏற்றச் சொல்லிவிடலாம். மேட்பிளாட்லிப்பின் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுமதி ஓட்டவும் நிறுத்தவும் பட்டன்கள் தருகிறது. ஆனால் எல்லா ஃப்ரேமையும் எழுத்தாக மாற்றிப் பக்கத்துக்குள்ளேயே வைப்பதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், இயல்பான 20 எம்பி வரம்பைத் தாண்டினால் மீதி ஃப்ரேம்களை விட்டுவிடும்.

ஃபோல்டரையும் நிரலையும் நான் அழிப்பதே இல்லை. பிரவுசருக்குள் ஓடிய சிறு நிரலான ஜாவா ஆப்லெட்டில் எத்தனையோ அருமையான கணிதப் படங்கள் இருந்தன, பிரவுசர்கள் அதைக் கைவிட்டதும் அவை நின்றுபோயின. வலையில் அனிமேஷன்களை ஓட்டிய ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. பிஎன்ஜி ஃப்ரேம்கள் கையில் இருந்தால், நாளை எந்த வடிவம் வந்தாலும் ஒரு கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம்.

கிப்ஸ் பக்கத்தில் இப்போது கட்டுப்பாடுகளோடு ஓர் எம்பி4 இருக்கிறது. அதற்குக் கீழே 1, 3, 9, 50 உறுப்புகளுக்கான நான்கு அசையாத படங்கள், ஒரே அச்சில், 1.179-இல் ஒரு புள்ளிக்கோட்டோடு.