அக்கா மகனின் தடுப்பூசி அட்டை

ரஷ்யாவில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்துத் திரும்பிய நான் இந்தியாவில் மருத்துவராகப் பணியாற்ற எழுதவேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் 300 கேள்விகள். 150 சரியானால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. எளிதாகத் தோன்றும் இக்கணக்கை நம்பித்தான் முதல் முறை 143-இல் நின்றேன். என்னை வீழ்த்தியது அறுவை மருத்துவமன்று, 30 மதிப்பெண்ணுக்குரிய சமூக மருத்துவம். இந்தியத் தடுப்பூசி அட்டவணையும் காசநோய் ஒழிப்புத் திட்டமும் அங்கே பாடத்தில் இல்லாததால், கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது அக்கா மகனின் தடுப்பூசி அட்டையை மேசையிலேயே வைத்திருக்கிறேன்: பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி, 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட். செவிலியரின் நீல மைக் கிறுக்கலோடு அது பதிந்த அளவுக்கு, தடித்த குறிப்பேடு எதுவும் மனத்தில் பதியவில்லை. அட்டையைத் திருப்பித் தரும்படி அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.