அக்குளில் இருந்த கறுப்புப் பொருக்கு

சித்தூரில் பொது மருத்துவராக வேலை பார்த்த நான்காம் ஆண்டு, ஒரு கார்த்திகை மாதத்தில், மாந்தோப்பில் களையெடுக்கும் ஓர் அம்மாவை எட்டு நாள் காய்ச்சலோடு அழைத்து வந்தார்கள். எல்லைப்புற வழக்கப்படி தெலுங்கும் தமிழும் கலந்து, "ஒள்ளு நொப்புலு (உடம்பு வலி) டாக்டரம்மா, தலையத் தூக்க முடியல" என்றார். டெங்குவும் இல்லை, மலேரியாவும் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்ததும், டைஃபாய்டாக இருக்கலாம் என்று எண்ணி செஃப்ட்ரியாக்சோன் ஊசியைத் தொடங்கினேன். நான்காம் நாள் மூச்சுத்திணறல் ஏற்பட, வேலூருக்கு அனுப்பினோம். அங்கே அவருடைய புடவையை விலக்கி அக்குளைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர், சுருட்டால் சுட்டதுபோன்ற, வலியே இல்லாத ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டு, இது ஸ்க்ரப் டைஃபஸ் என்று அன்றிரவே டாக்ஸிசைக்ளின் கொடுத்திருக்கிறார். புதரில் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடம் அது. அந்தக் கடி வழியாக உடலுக்குள் புகும் கிருமிதான் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைத் தருகிறது; நான் கொடுத்த ஊசிக்கு அது அசையாது. அம்மா பிழைத்துக்கொண்டார். நாளுக்கு இருமுறை அவரைப் பார்த்த நான், ஒருமுறைகூட அக்குளைப் பார்க்கவில்லை.

அந்த வெட்கம்தான் என்னை முப்பத்தாறு வயதில் மறுபடி நுழைவுத்தேர்வுக்குப் படிக்க வைத்தது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, அதற்கு மேல் தொற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். மூன்று ஆண்டு என்பது நம் நாட்டுக் கணக்கு. இதய மருத்துவத்தைப் போலக் கையால் செய்யும் சிகிச்சை இதில் அநேகமாக இல்லாததால், வருமானமும் அதற்கேற்றபடிதான். "இன்னும் மூணு வருஷம் படிச்சாலும் காய்ச்சல் டாக்டர்தானாம்மா?" என்று என் மாமனார் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை.

புதிய மருந்துகளின் பெயர்களைக் கற்கப்போகிறோம் என்ற நினைப்போடுதான் சேர்ந்தேன். முதல் சில மாதங்களோ நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில், சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதிலேயே கழிந்தன. இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்காமல் முதல் ஊசியைப் போட்டால் எவ்வளவு தடயம் அழிந்துபோகிறது என்பதை, எதுவும் வளராத குப்பிகளை நாள்தோறும் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அதன்பின் வார்டுக்கு வந்தால், எங்கள் பேராசிரியர் மருந்துச் சீட்டைத் தொடவே மாட்டார். "என்ன வேலை செய்கிறார், ஆடு வளர்க்கிறாரா, அது குட்டி போட்டபோது யார் கைவைத்தது, காய்ச்சாத பால் குடித்தாரா, தேங்கிய நீரில் இறங்கினாரா?" என்று அவர் அடுக்குவார். ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லோசிஸும் எலிக்காய்ச்சலும் அந்தக் கேள்விகளுக்குள்தான் ஒளிந்திருந்தன. அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்தும் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தும் இன்னும் வலிமையான மருந்தைக் கேட்டு எங்களை அழைப்பார்கள். சீழை வெளியேற்றுங்கள், இந்த இரண்டை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வருவதே பெரும்பாலும் எங்கள் வேலையாக இருந்தது. மூத்த அறுவை மருத்துவரிடம் மருந்தை நிறுத்தச் சொல்லும் பக்குவம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அதை மூன்றாம் ஆண்டில்தான் ஓரளவு கற்றேன்.

மருந்தைப் பற்றிய அறிவு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று 2023இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. ஆனால், நோய் இன்னதென்று ஐயம் எழுந்த பிறகல்லவா அந்த அறிவு பயன்படும்?

படிப்பு முடிந்து சித்தூருக்கே திரும்பினேன். புதிய துறைக்கு என்ன இயந்திரம் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. இரத்த வளர்ப்புக்கான தானியங்கிக் கருவி, பெண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரைச்சீலை, ஒரு நல்ல கைவிளக்கு என்று எழுதிக் கொடுத்தேன். கருவி இன்னும் வரவில்லை. மாதிரிகள் மாலை வண்டியில் வேலூருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. திரைச்சீலைகள் அடுத்த வாரமே வந்துவிட்டன.