பாலியல் மனப்பான்மை: நாடுகளை ஒப்பிடும் முன்

பல நாட்டு மக்களின் கருத்துகளைக் கேட்டறியும் உலக மதிப்பீடுகள் ஆய்வில் (World Values Survey) தன்பாலின உறவு பற்றி ஒரு கேள்வி உண்டு. ஒருபோதும் நியாயமில்லை என்றால் 1, எப்போதும் நியாயமே என்றால் 10. சராசரியை மட்டும் எடுத்து நாடுகளை வரிசைப்படுத்தாதீர்கள். பாதிப்பேர் 5, மீதிப்பேர் 6 என்றாலும், பாதிப்பேர் 1, மீதிப்பேர் 10 என்றாலும் சராசரி 5.5தான். ஆனால் இரண்டும் வேறு சமூகங்கள். பதில்களின் பரவலைப் பாருங்கள். நேரில் கேட்டார்களா, தனியாக நிரப்பினார்களா என்றும் பாருங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் பதிலே வேறு!

சட்டத்தை வைத்தும் மனதை அளக்க முடியாது. ஈரானில் பாலின மாற்று அறுவைக்கு அனுமதி உண்டு, தன்பாலின உறவுக்கு மரண தண்டனை வரை உண்டு. ஜப்பானிலோ, 19ஆம் நூற்றாண்டின் சில ஆண்டுகள் தவிர, அது குற்றமாக இருந்ததே இல்லை. திருமணத்துக்கு மட்டும் தேசியச் சட்டம் இன்னும் இடம்தரவில்லை.