சொல்லுக்கும் காலுக்கும் நடுவே

‘தேஏஏஜ்...’ என்று உஸ்தாத், அதாவது டிரில் பயிற்சியாளர், குரலை இழுக்கும்போது அணியில் ஒரு விரல்கூட அசையக் கூடாது. ‘சல்’ என்று அவர் வெட்டியதும் எல்லா இடது காலும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். டிரில் சொல்லிக்கொடுப்பவரின் திறமை அந்த இழுப்புக்கும் வெட்டுக்கும் நடுவில் உள்ள ஓரிரு நொடியில் தெரிந்துவிடும். இழுப்பு குறைந்தால் பின்வரிசைக்காரன் தயாராவதற்குள் சொல் விழுந்துவிடும். நீண்டுபோனால் அவசரக்காரன் முன்கூட்டியே காலை எடுத்துவிடுவான். இரண்டிலும் திட்டு வாங்குவது ரிக்ரூட்தான். அணி கலைந்தால் முதலில் ஆணை கொடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்பது பரேட் மைதானத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சில மாதங்களிலேயே புரிந்துவிடும். வெளியே சொல்லத்தான் தயங்குவார்கள்.

இந்தியத் தரைப்படையிலும் என்.சி.சி.யிலும் ஆணைகள் இந்தியில். 1758-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனில்தான் பயிற்சி மையம். அங்கே வந்து சேரும் தென்னாட்டுப் பையன்களில் பலருக்கு முதல் நாள் இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. டிரிலுக்கு அது பெரிய தடையும் இல்லை. சொல்லின் பொருளைவிட அதன் ஓசையைத்தான் கால் கேட்கிறது. விறைப்பாக நிற்கச் சொல்லும் ‘சாவ்தான்’ ஒரே சொல்தான் என்றாலும் மைதானத்தில் அது இரண்டாகப் பிரியும்: ‘சாஆஆவ்’ எச்சரிக்கை, ‘தான்’ செயல். தளர்ந்து நிற்கச் சொல்லும் ‘விஷ்ராம்’ என்பதும் அப்படியே, ‘விஷ்’ என்று நின்று ‘ராம்’ என்று முடியும். கடைசி அசையில் குரல் மேலே ஏறி, கத்தரித்தாற்போல் நிற்க வேண்டும். அது இழுபட்டால் முப்பது பேரும் முப்பது நேரத்தில் அசைவார்கள்.

ஓசையை வைத்துப் பழகுவதில் ஒரு சிக்கலும் உண்டு. ‘தாஹினே முட்’ வலப்பக்கம், ‘பாயே முட்’ இடப்பக்கம், ‘பீச்சே முட்’ பின்பக்கம். நம் ஊர்ப் பையனுக்கு ‘பீச்சே’ என்ற ஓசை பீச்சாங்கையை நினைவுபடுத்திவிடும். முதல் வாரத்தில் எல்லோரும் பின்னால் திரும்ப, அவன் மட்டும் இடப்பக்கம் திரும்பி நிற்பான். திட்டிப் பயனில்லை. பீச்சே முட் திரும்புவது எப்போதும் வலப்பக்கம் வழியாகத்தான், அதாவது சோத்துக்கைப் பக்கமாக முழு அரைவட்டம் என்று ஒருமுறை உடலோடு சேர்த்துக் காட்டிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாவ்தான் நிலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரண்டு குதிகாலும் ஒட்டியிருக்க வேண்டும், முன்பாதங்கள் 30 பாகைக்கு விரிந்திருக்க வேண்டும். முட்டி நேராக இருக்கும், ஆனால் பின்னுக்குத் தள்ளிப் பூட்டப்பட்டிருக்காது. கை பக்கவாட்டில், விரல்கள் மடங்கி, கட்டைவிரல் முன்னோக்கிக் கால்சட்டைத் தையலை ஒட்டி நிற்கும். மோவாய் உயர்ந்து, பார்வை கண் மட்டத்தில் நேராகப் போகும். ரிக்ரூட்கள் பொதுவாக இரண்டு தவறு செய்வார்கள். ஒன்று, நெஞ்சை நிமிர்த்தச் சொன்னால் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு தோளைத் தூக்குவது. பத்து நொடியில் முகம் சிவந்துவிடும். ‘தோளை இறக்கு, கழுத்தின் பின்பக்கத்தைக் காலரில் ஒட்டு’ என்றால் நெஞ்சு தானே நிமிரும். மற்றது, கட்டைவிரல் பின்னால் போய் முழங்கை வெளியே பிதுங்குவது. பக்கத்தில் நின்று முழங்கைக்கும் இடுப்புக்கும் இடையில் கையை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கை நுழைந்தால் நிலை தவறு.

விஷ்ராமில் இடது கால் 12 அங்குலம் இடப்பக்கம் போகும், கைகள் பின்னால் சேரும், இடக்கையின் மேல் வலக்கை. உடல் எடை இரண்டு காலிலும் சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் 12 அங்குலத்தை 18 ஆக்கிவிடுவார்கள், ஏனென்றால் அகலமாக நிற்பது வசதி. அங்கிருந்து சாவ்தானுக்கு வரும்போது காலை அந்தத் தூரம் முழுவதும் இழுத்துச் சேர்க்க வேண்டியிருப்பதால், பக்கத்தில் இருப்பவனைவிட ஒரு கணம் பிந்துவார்கள். சாவ்தான் கலைகிறது என்றால் விஷ்ராமைச் சரிபார்க்க வேண்டும்.

திரும்புவது இரண்டு அசைவு. தாஹினே முட்டில் வலது குதிகாலும் இடது முன்பாதமும் அச்சாக நின்று உடல் 90 பாகை திரும்பும். சற்று நிற்க வேண்டும். பிறகு இடது காலைத் தூக்கி வலது காலோடு சேர்க்க வேண்டும். நடுவில் உள்ள அந்த நிறுத்தத்துக்குத்தான் ‘ஏக், தோ-தீன், ஏக்’ என்று வாய்விட்டு எண்ணச் சொல்வது. ‘ஏக்’ அசைவு, ‘தோ-தீன்’ அசையாமல் நிற்பது, மறுபடி ‘ஏக்’ அசைவு. அசைவது எவனுக்கும் வந்துவிடும், அசையாமல் இருப்பதுதான் வராது. ‘தோ-தீன்’ விழுங்கப்படுகிற அணி எவ்வளவு வேகமாகச் செய்தாலும் அலங்கோலமாகத்தான் தெரியும். எண்ணுவதை மூன்றாவது நாளே நிறுத்திவிட்டு ‘மனசுக்குள் எண்ணு’ என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். குறைந்தது இரண்டு வாரமாவது தொண்டையால் எண்ணட்டும் என்பது என் கருத்து. குரல் ஒன்றானால் கால் பின்னாலேயே வந்துவிடும்.

தேஜ் சல்லில், அதாவது வேக நடையில், நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடி 30 அங்குலம். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 91 மீட்டர். இந்த அளவுகள் உடம்பில் ஏற வேண்டுமானால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். 30 அங்குல இடைவெளியில் நாற்பது கோடு போட்டு, ஒருவன் பின் ஒருவனாக நடக்கவிட்டால் 20 நொடியில் தாண்ட வேண்டும். நெட்டையன் கோட்டைத் தாண்டி மிதிப்பான், குட்டையானவன் தாவுவான். குட்டையானவன் தாவப் பழகிவிட்டால் தலை மேலும் கீழும் ஆடும். இடுப்பிலிருந்து காலை வீசவும் குதிகாலை முதலில் பதிக்கவும் காட்டினால் தாவல் அடங்கும்.

கை வீச்சு முன்பக்கம் தோள் உயரம் வரை போக வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது. இங்கேதான் எல்லா அணியிலும் ஓரிருவருக்கு வரும் அந்தக் கோளாறு தலைகாட்டும்: வலது காலோடு வலது கை, இடது காலோடு இடது கை. தெருவில் ஒழுங்காக நடந்து வந்தவன்தான், ‘பார்க்கிறார்கள்’ என்ற நினைப்பு வந்ததும் உடம்பு மறந்துவிடுகிறது. அணியின் நடுவில் வைத்துக் கத்தினால் இன்னும் இறுகுவான். தனியே அழைத்து, கையைத் தொங்கவிட்டுச் சாதாரணமாக ஐம்பது அடி நடக்கச் சொல்ல வேண்டும். கை தானாக எதிர்ப்பக்கம் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தச் சொன்னால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். அவமானப்படுத்தினால் ஒரு மாதம் ஆகும்.

நிறுத்தும் ஆணை ‘தம்’. இடது கால் தரையில் படும்போது அது விழ வேண்டும். அடுத்து வலது கால் ஒரு முழு அடி, அதற்கு ‘காலி’ என்று பெயர், பிறகு இடது கால் ‘ஏக்’, வலது கால் வந்து சேர ‘தோ’. ஆணை வலது காலில் விழுந்தால் பாதிப் பேர் உடனே நிற்பார்கள், பாதிப் பேர் ஓர் அடி கூடுதலாக எடுப்பார்கள், பின்னால் வருபவன் முன்னால் நிற்பவன் முதுகில் மோதுவான். ஆணையிடுபவரும் வாய்க்குள் ‘பாயா... பாயா...’ என்று இடது காலை எண்ணிக்கொண்டே நடந்தால் இந்தப் பிழை வராது. தௌட் கே சல், அதாவது நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் ஓடுவது, தனிக் கலை எதுவும் இல்லை. தொடக்கம் ஒன்றாக இருந்தால் போதும்.

நீளமான அணிவகுப்பில் வரும் ஒரு கோளாறுக்கு யாரும் பொறுப்பில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 120 அடி வேகத்தில் ஓர் அடிக்கு அரை நொடி. பேண்டு வரிசையின் தலையில் இருந்து, ஒருவன் 170 மீட்டர் பின்னால் நடந்தால், முரசின் அடி அவனுக்கு அரை நொடி தாமதமாகக் கேட்கும். முன்னவன் வலது காலை ஊன்றும் அதே நேரத்தில் இவன் முந்தைய அடிக்கான இடது காலை ஊன்றிக்கொண்டிருப்பான். இருவருமே முரசுக்குச் சரியாகத்தான் நடக்கிறார்கள்! மேடையிலிருந்து பார்ப்பவருக்கு வரிசை முழுவதும் அலை அடிப்பதுபோல் தெரியும். எதிரொலிக்கிற கட்டடங்கள் இருபுறமும் இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் பின்னால் வரும் அணிகளுக்கு ‘முரசைக் கேள்’ என்று சொல்வதைவிட ‘முன்னால் போகிறவன் குதிகாலைக் கடைக்கண்ணால் பிடித்துக்கொள்’ என்று சொல்வது பயன்படும்.

குடியரசு தினத்தில் நடைபோடும் தரைப்படை அணி ஒவ்வொன்றும் வழக்கமாக 12 வரிசை, வரிசைக்கு 12 பேர், ஆக 144. அந்த அகலத்துக்கு வளைவு பெரிய சோதனை. பக்கத்துக்குப் பக்கம் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்முனை ஆளிலிருந்து வெளிமுனை ஆள் எட்டேகால் மீட்டர் தள்ளி இருப்பார். கால்வட்டம் சுற்ற அவர் ஏறக்குறைய 13 மீட்டர், பதினேழு முழு அடி நடக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் உள்முனை ஆள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே காலை மாற்றிக்கொண்டிருப்பார். வெளியே இருப்பவர் தாவி நடந்து ஈடுகட்டப் பார்ப்பதும், உள்ளே இருப்பவர் பொறுமையில்லாமல் முன்னே நகர்வதும்தான் வரிசையை வில்லாக வளைக்கின்றன. இதில் உள்முனைக்காரர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் நல்ல உஸ்தாத் மிகவும் கவனம் எடுத்துக்கொள்வார்.

சல்யூட் தரைப்படையில் உள்ளங்கை முன்னோக்கித் தெரிய அடிப்பது. கை பக்கவாட்டில் நீண்ட வழியாக ஏறி, நடுவிரலும் ஆட்காட்டி விரலும் பிரியாமல், வலது புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும். இறங்கும்போது குறுக்கு வழி. மணிக்கட்டு மடங்குவதும், கை ஏறுவதற்குப் பதில் தலை கையைத் தேடி இறங்குவதும் வழக்கமான பிழைகள். நடைபோடும்போது ‘தாஹினே தேக்’ என்றால் எல்லாத் தலையும் வலப்பக்கம் திரும்பும், வலது முனையில் நடக்கும் வழிகாட்டியின் தலை மட்டும் நேராகவே இருக்கும். அவரும் திரும்பினால் மொத்த அணியும் மெல்ல மேடைப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

சென்னை பரங்கிமலையில் 1963-ல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்குப் பரமேஸ்வரன் பெயர். அங்கேயே பயிற்சி பெற்று, 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் வீழ்ந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். நிறைவு அணிவகுப்பு நாளில் அந்தத் தரையில் முதலில் உயர வரிசை அமைப்பார்கள்: நெட்டையானவர்கள் இரு முனைகளிலும், குட்டையானவர்கள் நடுவிலும். பிறகு சலாமி (வணக்கம்), பார்வையிடல், தீரே சல் (மெது நடை), தேஜ் சல், சமீக்ஷா கிரமத்தில் (பார்வையிடும் அதிகாரியை நோக்கி நேர்வரிசையாக) முன்னேறுதல் என்று போகும். தேஜ் சல்லில் வேகம் பல குறைகளை மறைத்துவிடும். தீரே சல், நிமிடத்துக்கு 70 அடி, எதையும் மறைக்காது. முன்னால் நீட்டிய கால் அந்தரத்தில் நிற்கும் கணத்தில் யாருடைய உடல் தள்ளாடுகிறது என்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஊன்றிய காலின் கெண்டைத் தசை போதிய வலுவில்லாததே காரணம். ஒற்றைக்காலில் ஒரு நிமிடம் நிற்கும் பழக்கம் காலை மாலை இருந்தால் மூன்று வாரத்தில் மாறும். சமீக்ஷா கிரமத்தில் 15 காலடி முன்னேறி, யாரும் ஆணையிடாமலே எல்லோரும் நிற்க வேண்டும். அதை மனத்துக்குள் எண்ணத் தவறிய ஒருவனால் முழு முன்வரிசையும் பல்லிழந்ததுபோல் ஆகிவிடும்.

மயங்கி விழுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அசையாமல் நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் இடுப்புக்குக் கீழே தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைத் தசை அழுத்தி அதை மேலே அனுப்பும், நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் மரம்போல் முகம் குப்புற விழுவான். பயனெட் பொருத்திய துப்பாக்கி கையில் இருந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும், அது வெளியே தெரியாது. காலையில் இட்லியோ பூரியோ கட்டாயம் சாப்பிட்டிருக்க வேண்டும். தண்ணீர் முந்தின இரவிலிருந்தே குடிக்க வேண்டும், பரேடுக்குப் பத்து நிமிடம் முன்பு குடிப்பது சிறுநீர்ப்பையைத்தான் நிரப்பும். காது அடைத்து, பார்வை ஓரத்திலிருந்து இருள்கிறது என்றால் கீழே உட்கார்ந்துவிடு, தண்டனை கிடையாது என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விழுந்தவனை உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டுவது தவறு. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் போதும், ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவான்.

காலை ஓங்கி அடிப்பதிலும் ஓர் அளவு வேண்டும். சேர்க்கும் காலை 6 அங்குலம் தூக்கினாலே சத்தம் வரும். முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு குதிகாலால் மட்டும் இடித்தால் அதிர்ச்சி முதுகுத்தண்டு வரை ஏறும். நாள் முழுக்க அப்படி அடித்தால் முன்பாத எலும்பில் நூல் விரிசல் விழும், மருத்துவர்கள் அதை ‘மார்ச் பிராக்சர்’ என்றே அழைக்கிறார்கள். பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்று பையன் சொன்னால், சாக்குச் சொல்கிறான் என்று நினைக்காமல் எம்.ஐ. அறைக்கு, அதாவது முகாமின் மருத்துவப் பரிசோதனை அறைக்கு, அனுப்ப வேண்டும். ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்று திரும்ப மைதானத்துக்கு விட்டால் விரிசல் முறிவாகிவிடும், பயிற்சியில் மாதக்கணக்கில் போய்விடும்.

கடைசி ஆணை ‘விசர்ஜன்’. அதைக் கேட்டதும் வலப்பக்கம் திரும்பி, அதிகாரி மைதானத்தில் இருந்தால் சல்யூட் அடித்து, கையை இறக்கி, அதன் பிறகே கலைய வேண்டும். இரண்டு மணி நேரம் நின்று களைத்த அணி இந்தக் கடைசி ‘தோ-தீன்’னைத்தான் விழுங்கும்: கை இறங்குவதற்குள் கால் நகர்ந்துவிடும். அப்போது திரும்ப அழைத்து வரிசையில் நிறுத்தி, மறுபடி ஒருமுறை விசர்ஜன் செய்யவைக்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்திருந்தாலும் சரி.