மேகம் வேண்டும்

ஜூன் 14
போன் வரவில்லை.

ஜூன் 15
லார்ஜ் ப்ளூ பட்டாம்பூச்சியைத் தேடி கொலார்ட் ஹில் போனோம், ஸ்ட்ரீட் ஊருக்குப் பக்கத்தில். நல்ல செங்குத்துச் சரிவு. அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். தைம் செடி ஊதாத் திட்டுகளாகப் பூத்திருக்கிறது. நீலமாகப் பறந்ததெல்லாம் காமன் ப்ளூ. உட்கார்ந்து இறக்கையை மூடியதும் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்துவிடும். ஆரஞ்சு இருந்தால் லார்ஜ் ப்ளூ இல்லை.

ஜூன் 17
மழை. அக்கா பேசினாள். "ரிசல்ட் வந்துச்சாடி?" இல்லை. "இந்த நேரத்துல பூச்சி பார்க்கப் போறியாமே?" ஆமாம்.

ஜூன் 18
நாள் முழுக்கப் புல்லைப் பற்றியே யோசனை. 1979இல் பிரிட்டனில் இந்தப் பட்டாம்பூச்சி அற்றுப்போனது. பிடித்துச் சேகரிப்பவர்கள்தான் காரணம் என்று நினைத்து முன்பே ஓரிடத்தில் வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்குள் மாடு மேயவில்லை, புல் வளர்ந்தது. 1950களில் மிக்சோமாட்டோசிஸ் நோய் வந்து முயல்களும் செத்தன, மற்ற இடங்களிலும் புல் ஓங்கியது. புல் ஓங்கினால் மண் குளிர்ந்துவிடும். மண் குளிர்ந்தால் மிர்மிகா சபுலெட்டி என்கிற சிவப்பு எறும்பு தங்காது. அந்த எறும்பு இல்லாமல் இந்தப் பட்டாம்பூச்சியின் புழு பிழைக்காது. ஜெரமி தாமஸ் என்கிற ஆராய்ச்சியாளர் 1970களில் இதைக் கண்டுபிடித்தபோது மிச்சமிருந்தவற்றைக் காப்பாற்ற நேரமில்லை. 1983இல் ஸ்வீடனின் ஓலாந்து தீவிலிருந்து கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். சில சென்டிமீட்டர் புல்! காவல் காத்தே கொன்றிருக்கிறார்கள், பாவிகள்.

ஜூன் 19
தூக்கம் இல்லை. புழு தைம் பூவைக் கொஞ்ச நாள் தின்றுவிட்டுத் தரையில் விழுகிறது. எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நம்பிக் கூட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகிறது. உள்ளே மாதக்கணக்கில் எறும்புக் குஞ்சுகளையே தின்று கொழுக்கிறது. அத்தனை மாதமும் கூட்டுக்குள் யாருக்கும் தெரிவதில்லை.

இரவில் இதையெல்லாம் படிக்கக்கூடாது.

ஜூன் 21
கொளுத்தும் வெயில். பார்த்துவிட்டேன்! இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தது. உடம்பை ஒட்டிப் பச்சை கலந்த நீலப் பொடி, சாம்பல் நிறத்தில் பெரிய கறுப்புப் புள்ளிகள், ஆரஞ்சு துளிகூட இல்லை. இதுவே போதும் என்றார் அவர். எனக்குப் போதாது. மேல்பக்கம் பார்க்க வேண்டும். அங்கிருந்த தன்னார்வலர் ஒரு பெரியவர், "இந்த வெயிலில் விரிக்காது, மேகம் போட்டால் வாருங்கள்" என்றார்.

ஜூன் 22
வெயில். ச்சே.

ஜூன் 24
நானே போன் பண்ணினேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் இணைப்பு துண்டித்துப்போனது.

ஜூன் 26
மேகம். தைம் மேட்டில் ஒரு பெண் பூச்சி. விரியாத மொட்டாகப் பார்த்து, வயிற்றை வளைத்து உள்ளே நுழைத்து ஒரு முட்டை; நகர்ந்து அடுத்த மொட்டு. பிறகு புல் நுனியில் ஏறி இறக்கையை விரித்தது. ஓரமெல்லாம் கரும்பட்டை. நடுவே நீலத்தில், முன்னிறக்கையில், நீளவாக்கில் கறுப்புப் புள்ளிகள், மை சிந்தின மாதிரி. இங்கே வேறெந்த நீலத்துக்கும் இப்படிக் கிடையாது. படம் எடுக்கத் தோன்றவே இல்லை. அவர்தான் எடுத்தார், ஆடிவிட்டது, பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஜூன் 27
போன் வந்தது. நேரில் வர வேண்டுமாம், கூட யாராவது வந்தால் நல்லதாம். போனிலேயே சொன்னால் என்ன? திரும்பத் திரும்பக் கேட்டும் அந்தப் பெண் நேரத்தை மட்டும்தான் சொன்னாள்.

நாளைக்கு மேகமூட்டம் என்கிறார்கள். காலை 9.40. பார்க்கிங்குக்குச் சில்லறை எடுத்து வைக்க வேண்டும்.