அலர்ட் வராததும் ஓர் அலர்ட்தான்

சர்வரில் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தங்கும்படி அமைப்பது ரெய்டு 5. அதில் ஒரு டிஸ்க் போனால் பயன்படுத்துபவர்களுக்குத் தெரியாது. கோப்புகள் வழக்கம்போல் திறக்கும். ரெய்டு போடுவதே அதற்குத்தான், ஆனால் ஆபத்தும் அங்கேதான். முதல் டிஸ்க் போனதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டாவது போகும் நாளில் எல்லாம் போய்விடும்.

லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டில் (தனி கார்டு இல்லாமல் லினக்ஸே நடத்தும் ரெய்டு) பார்க்க வேண்டிய இடம், அதன் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பு. நான்கு டிஸ்க் என்றால் நான்கு 'யூ' இருக்கும். ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் அடிக்கோடு, பக்கத்திலேயே 4/3, அதாவது நான்கில் மூன்றுதான் வேலை செய்கிறது. ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் (mdadm) கருவியின் மானிட்டர் இதைக் கவனித்து மெயில் அனுப்பும். அந்த மெயில் உண்மையில் வந்து சேர்கிறதா என்பதை அதன் டெஸ்ட் ஆப்ஷனால் மாதம் ஒருமுறையாவது சோதித்துவிடுங்கள். மெயில் சர்வீஸ் செத்துக் கிடந்தால் மானிட்டர் கத்துவது யார் காதிலும் விழாது.

எஸ்என்எம்பி ட்ராப்பும், அதாவது கோளாறு வந்ததும் சாதனம் மைய சர்வருக்கு நெட்வொர்க் வழியே தானே அனுப்பும் செய்தியும், இப்படித்தான். பெற்றுக்கொண்டதற்குப் பதில் கேட்காத யுடிபி முறையில், 162-ஆம் போர்ட்டுக்கு ஒருமுறை போகும், வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்கே தெரியாது. அதனால் ட்ராப்பை மட்டும் நம்பாமல், மைய சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே போய்க் கேட்கட்டும். பதில் வராவிட்டால் அதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது.

டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் தகவலில் 'பாஸ்டு' (தேறியது) என்று வருவதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பாஸ்டு காட்டிக்கொண்டே சாகும் டிஸ்க்குகள் ஏராளம். 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கில் தரவு இருக்கும் சிறு துண்டுகள்), 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 சரிசெய்ய முடியாதவை. 199 என்பது தரவு கடத்தும்போது வந்த பிழைகள்; அது ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறையில்லை, கேபிளை மாற்றுங்கள். கேபிளை மாற்றினாலும் 199 பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஆகவே எண்ணுக்கு அலர்ட் வைக்காமல், எண் ஏறுவதற்கு வையுங்கள். ஹார்ட்வேர் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகளுக்கு, ஸ்மார்ட் தகவலைக் கேட்கும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையில் கார்டின் வகையையும் டிஸ்க் எண்ணையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கார்டு காட்டும் மெய்நிகர் டிஸ்க்தான் தெரியும்.

நல்ல டிஸ்க்கும் ரெய்டிலிருந்து விழும். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு மோசமான செக்டாரைப் படிக்க நிமிடக்கணக்கில் போராடும், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோ 30 விநாடிதான் பொறுக்கும்; அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க் ரெய்டிலிருந்து விழலாம். மோசமான செக்டாரோடு டிஸ்க் போராடும் நேர வரம்பை (எஸ்சிடி இஆர்சி) 7 விநாடியாக வையுங்கள். பல டிஸ்க்குகளில் பவர் போய் வந்தால் இது அழிந்துவிடும், எனவே பூட் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். இந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் கர்னலின் பொறுமையை 180 விநாடியாக உயர்த்துங்கள்.

மாதம் ஒரு ஸ்க்ரப், அதாவது எல்லா டிஸ்க்குகளையும் முழுதாகப் படித்துச் சரிபார்ப்பது, கட்டாயம் ஓட வேண்டும். போன டிஸ்க்கின் தரவைப் புது டிஸ்க்கில் திரும்பக் கட்டும் ரீபில்ட் நடக்கும்போது, மீதமுள்ள டிஸ்க்கில் ஒரு செக்டார் படிக்க முடியாது என்று தெரிந்தால் அதை மீட்க ரெய்டு 5-இல் வழியில்லை. ஸ்க்ரப் அதை முன்பே கண்டுபிடித்து, பாரிட்டியிலிருந்து (இழந்ததைக் கணக்கிட்டு மீட்க ரெய்டு கூடுதலாக வைத்திருக்கும் தரவு) திருப்பி எழுதிவிடும்.

அலர்ட்டில் எஸ்டிசி, எஸ்டிடி என்று லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயரை மட்டும் போடாதீர்கள். ரீபூட்டில் அந்த எழுத்து மாறலாம். சீரியல் எண்ணும் வரட்டும், அதே எண்ணை, டிஸ்க்கை வைத்து சர்வரில் செருகும் ட்ரேயின் முகப்பில் ஒட்டி வையுங்கள். ஏற்கெனவே ஒரு டிஸ்க் போன ரெய்டு 5-இலிருந்து தவறான ட்ரேயை உருவினால் அந்த நொடியே அரே, அதாவது மொத்த டிஸ்க் தொகுப்பும், நின்றுவிடும்.