மடிப்பை எடுக்காதேயும்

"தம்பி, அந்த மடிப்பை மட்டும் எடுத்துப் போடாதையும்."

சொன்னவர் ஓய்வுபெற்ற இலங்கைக் கடற்படை அதிகாரி. பழைய தாள்களைச் செப்பனிடும் என்னிடம் அவரும் மகளும் கொண்டுவந்தது அவருடைய கொமிஷன் பத்திரம், அதிகாரியாக நியமித்த தாள். கீழே வில்லியம் கொபல்லாவவின் கையெழுத்து. அவர் 1962இலிருந்து அரசியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி; 1972 மே 22இல் குடியரசானதும் ஜனாதிபதி; அந்தப் பதவியில் இருந்தது 1978 வரைதான். ஜனாதிபதியாக அவர் ஒப்பமிட்ட தாள்களுக்கு உரிய காலம் ஆறு ஆண்டுகூட இல்லை. ராஜன் கதிர்காமர் என்ற தமிழர் 1960 முதல் 1970 வரை தளபதியாக இருந்த படையில், அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தமிழ் இளைஞன் கையில் வாங்கிய தாள். 83 ஆடிக் கலவரத்தில் வீட்டை விட்டு ஓடும்போது அதை நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறார்கள். ஒரு மடிப்பு கையெழுத்தின் நடுவால் போகிறது.

மகள் கேட்டது வேறு. "புதுசு மாதிரி வரவேணும் அண்ணா. லெமினேட் பண்ணினாலும் சரி." லெமினேட்டுக்கு இல்லை என்று சொல்வது சுலபம். 100 பாகைக்கு மேல் சூடாகி உருகும் பிளாஸ்டிக் தாளின் நாரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்ற வழியில்லை. தகப்பனுக்குச் சொல்லும் பதில்தான் சுலபமாக இல்லை.

மடிந்த இடத்தில் நார் ஏற்கெனவே முறிந்திருக்கிறது. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அங்கே மை உதிரும். அப்படியே விட்டால் கையெழுத்து இரண்டாகும். ஆகவே நிமிர்த்தத்தான் வேண்டும். முதலில் மை கரையுமா என்று ஒரு முற்றுப்புள்ளியில் ஊசிமுனையளவு வடிநீர் வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கரையாவிட்டால் நீராவி மட்டும் ஊடுருவும் துணிக்கு மேல் தாளை வைத்து மெல்ல ஈரம் ஏற்றலாம். கொழும்புக் காற்றிலேயே பாதி ஈரம் இருக்கிறது. கவனம் தப்பினால் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு ஒற்றுத்தாள்களுக்கு இடையில் பாரம். புடைப்பு முத்திரை இருக்கும் இடத்தில் ஒற்றுத்தாளை வட்டமாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முத்திரை நசுங்கிப் போகும். தாளை மாற்றி மாற்றி வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் பாரத்தை எடுக்கலாம். அவசரப்பட்டால் தாள் சுருளும்.

முறிவுக்குப் பின்பக்கத்தில் மெல்லிய ஜப்பான் தாள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்த ஐந்து மில்லிமீற்றர் கீற்று, விளிம்பில் நார் பிரிந்திருக்க வேண்டும். கோதுமை மாப்பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து, அதனால் ஒரு பூச்சு, அதுவும் மிக ஐதாக.

இதுவரை எல்லாம் தாளின் உயிருக்காக. அடுத்து வரும் வேலை, முன்பக்கத்து வெள்ளைக் கோட்டுக்கு நிறம் கொடுத்து மறைப்பது. அதைச் செய்யவில்லை. அவர் கேட்டார் என்பதற்காக என்று சொல்லலாம். மறைத்திருந்தால் தாள் பொய் சொல்லியிருக்கும் என்றும் சொல்லலாம். ஆனால் நிமிர்த்தியதும் பாதிப் பொய்தானே? கூர்மையாக நின்ற மடிப்பு இப்போது ஒரு தழும்புக் கோடு. அவர் காப்பாற்றச் சொன்னது அந்தக் கூர்மையையா, அடையாளத்தையா? பார்த்துவிட்டு "தெரியுது, காணும்" என்றார். திருப்தியா, விட்டுக்கொடுப்பா, அந்தக் குரலில் பிடிபடவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு அதைச் சுவரில் வைத்துப் பார்க்கப்போவது அவள்தான், அவள் விருப்பத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது.

கடல் பார்த்த சுவரிலும், யன்னலுக்கு எதிரேயும் மாட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மையை வெளுக்கச் செய்யும்.

அட்டையின் பின்புறம் பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: மடிப்புக்கோடு உரியவர் சொற்படி விடப்பட்டது. அடுத்து இதைத் திறக்கும் கை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக. 83 என்ற ஆண்டை எழுதவில்லை. எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை; எழுதட்டுமா என்று நானும் கேட்கவில்லை. காரணம் தெரியாத ஒருவர் அந்த வரியை எவ்வளவு மதிப்பார் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.